வடக்குச் சுவரின் மீன்

இது எனக்கு நடந்ததில்லை. மாதம்மாள் சொல்லிக் கேட்டது. கல்லூரி விடுதியில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவள், கிருஷ்ணகிரிப் பக்கம் கல்குவாரி ஊர். அவள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள், என் வீட்டில் நான். கட்டடக்கலை படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்து, பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் அறைக்கு வந்தபோது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் சொன்ன வரிசை இதுவல்ல. முன்னும் பின்னுமாகச் சொன்னாள். சில இடங்களில் அவள் நினைத்தது எது, நினைத்திருப்பாள் என்று நான் நினைத்தது எது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவள் ‘நான்’ என்றே சொன்னாள். அதை மட்டும் மாற்றவில்லை.

பத்து நாற்பத்திரண்டு. என் மேலாளர் நைஜல் தேவாலயக் கோபுரத்துக்குள் ஏறியது பத்தரைக்கு. மணிகள் தொங்கும் சட்டத்தையும் உச்சியில் இருக்கும் ஈயத் தகட்டையும் பார்த்துவிட்டு இறங்க நாற்பது நிமிஷம் ஆகும், அதற்குள் கீழே எல்லாவற்றையும் படம் எடுத்துக் குறிப்பு எழுதி வை, மேடி, என்றார். மேடி என்பது அவர் முதல் நாளே வைத்த பெயர், முழுப்பெயர் வாயில் நிற்கவில்லையாம். அப்படியானால் பதினொன்று பத்துக்கு இறங்குவார். இன்னும் இருபத்தெட்டு நிமிஷம். மீன் என் கோட்டுப் பையில் இருக்கிறது. சுவர் ஓவியத்திலிருந்து பெயர்ந்தது, முழு மீன் இல்லை, வாலும் வாலுக்கு முன்னால் கொஞ்சம் உடம்பும். இரண்டு விரல் அகலம், அரை விரல் கனம், மேலே காவியில் மூன்று கோடு. அறுநூறு வருஷம் சுவரில் இருந்தது, மூன்று நிமிஷமாக என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. நான் தட்டினேன். தட்டியிருக்கக் கூடாது. ஆய்வு தரையில் நின்று கண்ணால் மட்டும் செய்யப்பட்டது என்பது எங்கள் எல்லா அறிக்கையிலும் முதல் பக்கத்தில் வரும் வரி, நானே ஆறு அறிக்கைகளில் டைப் அடித்த வரி. ஆனால் அந்த இடம் கொஞ்சம் உப்பினாற்போலத் தெரிந்தது, உள்ளே வெற்றிடமா இல்லையா என்று தெரிய வேண்டியிருந்தது, கை போய்விட்டது. நடுவிரல் முட்டியால் ஒன்று. பொத்தென்றது. சந்தேகம் தீர இன்னொன்று. அதுவும் பொத்து. மூன்றாவது எதற்கு. மூன்றாவதற்குக் காரணமே கிடையாது, அதில்தான் பெயர்ந்து வந்தது. அம்மா கல்லை உடைப்பதற்கு முன்னால் சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீர் என்றால் நல்ல கல். பொத்தென்றால் உள்ளே கீறல், அடித்தால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்க வேண்டும். ஒருமுறை திருப்ப மறந்தாள், இடது புருவத்தில் ஐந்து தையல். குவாரியில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, சோற்றுப் போசியைக்கூடத் தட்டிப் பார்ப்பார்கள். நான் தர்பூசணியைத் தட்டுவேன், கதவைத் தட்டுவேன், இங்கே வாடகைக்கு அறை பார்க்கப் போனபோது சுவரைத் தட்டினேன், வீட்டுக்காரி சிரித்தாள். கருங்கல்லைத் தட்டினால் கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது, என் விரலுக்குத்தான் வலிக்கும். இது கருங்கல் இல்லை. சுண்ணாம்பும் மணலும் ஆட்டு முடியும் குழைத்துப் பூசின மேல்தோல். இதைப் பற்றிப் பதினைந்து பக்கம் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கைக்கு அந்தக் கட்டுரை தெரியாது.

என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டு அப்டன் வந்தார். சர்ச் வார்டன், சபையார் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர். பாதிரியார் உடை மாற்றும் அறையிலிருந்து பித்தளை மெழுகுவர்த்தித் தண்டும் துடைக்கும் துணியுமாக வெளியே வந்து நின்றார். நான் என் பேனா விழுந்துவிட்டது என்று சொன்னேன். இங்கிலாந்துக்கு வந்து நான் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல ஆசை, ஆனால் அதுவும் பொய். குளிரவில்லை என்று சொல்லியிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், நைஜலின் நகைச்சுவைக்குச் சிரித்திருக்கிறேன். ஆனால் பேனா என் கையிலேயே இருந்தது. அவர் பேனாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தரையில் சுண்ணாம்புத் தூள் இருந்தது. அதற்குள் நான் அதன்மேல் ஷூவை வைத்துவிட்டேன். காலையில் வாசலில் அப்டன் இரண்டு தடவை துடைக்கச் சொன்ன அதே ஷூ. நைஜலின் பூட்ஸில் வயல் சேறு அப்படியே இருந்தது, அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது அந்தத் துடைத்த ஷூவால் சுவரில் இருக்கும் புனிதரின் ஆற்றுத் தண்ணீரை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். சரி, என்றார் அப்டன். போய்விட்டார். போகும்போது அறையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டார், ஒவ்வொரு தடவையும் பூட்டுகிறார், இதோ இங்கிருந்து இதோ அந்த வரிசைக்கு உட்காரப் போகிறார், அதற்கும் பூட்டு. போன வருஷம் கூரையிலிருந்து ஈயத் தகட்டை யாரோ திருடிப் போனார்களாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். தகடு ஒன்று இருபது கிலோ இருக்கும், நான் தூக்கிக்கொண்டு போயிருப்பேன் என்று நினைக்கிறாரா. தூக்கியிருப்பேன். பன்னிரண்டாவது படிக்கும்போது லீவு நாளில் ஜல்லிச் சட்டி தூக்கியவள்தான்.

இந்தக் கட்டடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடலாம் போலிருக்கிறது, குறிப்பு ஒன்று, பிடிக்கவில்லை. வெளியே சுவர் முழுக்கச் சக்கிமுக்கிக் கல், உடைத்த முகம் வெளியே தெரியப் பதித்தது, ஒவ்வொன்றும் கறுப்பாக ஈரமாக, ஆயிரம் கண் மாதிரி. உள்ளே ஈரக் கம்பளி வாசனையும் வௌவால் எச்ச வாசனையும். பெஞ்சுகளுக்குக் கதவு வைத்திருக்கிறார்கள். பெஞ்சுக்குக் கதவு. அந்தக் குடும்பம் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு கும்பிடும். முழங்காலிடும் மெத்தைகள் ஊர்ப் பெண்கள் பின்னியது, ஒன்றில் டிராக்டர், ஒன்றில் லாப்ரடார் நாய். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் டியூப் லைட்டின் மேலேயே உபயம் என்று பெயர் எழுதி வெளிச்சத்தை மறைப்பார்கள், இங்கே தரைக்கல்லில் பெயர் எழுதி அதன்மேல் நடக்க விடுகிறார்கள். நான் முதலில் சுற்றிச் சுற்றி நடந்தேன், பெயரை மிதிக்க ஒப்பவில்லை. அப்டன் அதன்மேலேயே நின்று என்னிடம் பேசினார். சுவர்ப் பலகைகளில் எங்கள் பக்கத்துப் பெயர் ஏதாவது இருக்குமா என்று தேடினேன். மதராஸ், சேலம், எங்காவது இறந்த ஒரு கர்னல். இருந்தால் கோபப்பட வசதியாக இருக்கும். இல்லை. எல்லாரும் இங்கேயே பிறந்து, இங்கேயே பீட்ரூட் விதைத்து, இங்கேயே செத்திருக்கிறார்கள். அந்தக் கோபத்துக்குக்கூட வழியில்லை. பத்து நாற்பத்தெட்டு. வெளியே மரத்திலிருந்து இலை கொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதக் கடைசியோடு எனக்கு ஆறு மாதம் முடிகிறது. வைத்துக்கொள்கிறார்களா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வார்கள். வைத்துக்கொண்டால் விசாவுக்குக் கடிதம். இல்லாவிட்டால் பிப்ரவரியில் விமானம். பாதுகாக்க வந்த சுவரை உடைத்தவளுக்கு எந்த அலுவலகம் கடிதம் கொடுக்கும். கொடுக்காது. நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன், அதுதான் இதில் மோசம், வெறுக்கக்கூட யாரும் கிடைக்கவில்லை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்கவில்லை. எடுத்தால் குரலிலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பேசினோம். “என்னாமே வேலை அது, செவுத்தப் பாத்துக்கினு நிக்கிறதுக்கு சம்பளம் குடுக்குறானுங்களா?” “பாத்து எழுதணும்மா.” “எங்க மேஸ்திரிகூட அதாம்மே பண்றான். நாள் பூரா பாத்துக்கினு நிக்கிறான். எழுதுறதில்ல, அவ்ளோதான்.” பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அவள் கல்லில் உட்கார்ந்துகொண்டே பேசுகிறாள், சுற்றி எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் பேசுகிறாள். என் மாது லண்டனில் இருக்கிறாள் என்பாள். இது லண்டன் இல்லையம்மா, நார்ஃபோக் என்று எத்தனை தடவை சொன்னாலும் லண்டன்தான். பிப்ரவரியில் நான் வந்து நின்றால் என்ன சொல்வாள். வந்துட்டியா, சாப்டியா, என்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்பார்கள், அவள் அவர்களுக்குச் சொல்ல ஒன்று தேட வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்க வேண்டும். திரும்பவும் ஒட்டிவிட முடியுமா. கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் தண்ணீர். முட்டாள்தனம். ஒட்டினால் நூறு வருஷம் கழித்து எவளாவது கண்டுபிடிப்பாள். கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம், அதற்கென்றே இருக்கிற இடம்தானே. ரயில் ஜன்னல் வழியாகப் போடலாம். ஜன்னல் திறக்காது, இந்த ஊர் ரயிலில் எதுவும் திறக்காது.

ஏறெடுத்துப் பார்த்தால் அவர் நிற்கிறார், சுவர் முழுக்க, பன்னிரண்டு அடி உயரம், புனித கிறிஸ்டோபர். தோளில் குழந்தை இயேசு, கையில் மரம் மாதிரி ஒரு தடி, முழங்கால் வரைக்கும் ஆறு, ஆற்றில் மீன்கள். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் இவரை வரைவார்கள். காலையில் வேலைக்குப் போகிறவன் உள்ளே வராமலேயே வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், பார்த்த நாளில் திடீர் மரணம் கிடையாது என்று நம்பினார்கள். எங்கள் ஊர்க் குவாரி வாசலில் முனியப்பன் நிற்கிற மாதிரி. இவர் முகம் பாதி அழிந்துவிட்டது. ஒரு கண்தான் இருக்கிறது, அந்தக் கண் என் கோட்டுப் பையைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. காலடியில் வெள்ளையாக ஒரு ஓட்டை. அவ்வளவு வெள்ளை. சுற்றியிருக்கிற அழுக்கு எல்லாம் அந்த ஓட்டைக்காகவே அழுக்கானது போல. நைஜல் கதவைத் திறந்ததும் அவர் கண் நேராக அங்கேதான் போகும்.

“பிடித்திருக்கிறதா அவரை?” அப்டன் பக்கத்தில். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. நான் நகர்ந்து ஓட்டைக்கு முன்னால் நின்றேன், என் தோள் அதை மறைக்கும் உயரத்தில்தான் அது இருக்கிறது. “நல்ல ஓவியம்,” என்றேன். “வெள்ளையடித்து மூடி வைத்திருந்தார்கள். நானூறு வருஷம். என் அப்பா காலத்தில்தான் சுரண்டி எடுத்தது. ரொட்டியால் துடைத்தார்கள், தெரியுமா? காய்ந்த ரொட்டி. ஊரில் எல்லார் வீட்டிலிருந்தும்.” தெரியும், படித்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. “உங்களுக்குக் குறைவாகத் தோன்றும். அவருக்கு இரண்டு கைதான்,” என்றார். சிரித்தார். நகைச்சுவை. காலையிலிருந்து இதற்காகக் காத்திருந்திருப்பார். “வேலை செய்தால் இரண்டு போதும்,” என்றேன். இதற்கும் சிரித்தார், நான் சொன்னது அவரைத்தான் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரியும். கையில் இன்னும் அந்தப் பித்தளைத் தண்டு. நகம் எல்லாம் கறுப்பு. “உங்கள் ஆள் மேலே என்ன கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தெரியும். வடக்குப் பக்கக் கால்வாய். அதைத்தான் சொல்வார்.” கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயைச் சொல்கிறார். “வருஷா வருஷம் நவம்பரில் நான்தான் ஏணி போட்டு ஏறி இலையை அள்ளுவேன். முப்பத்தோரு வருஷம். இந்த வருஷம் இடுப்பு. ஏறவில்லை. வேறு யாரும் ஏற மாட்டார்கள், எல்லாரும் மின்னஞ்சல் அனுப்புவார்கள்.” நான் பாவம் என்று நினைக்க வேண்டுமா. நினைக்கவில்லை. இரண்டு தடவை ஷூ துடைக்கச் சொன்னவர். போய்விடு கிழவா, என்று நினைத்தேன், அந்தப் பெஞ்சுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள். பதினொன்று மூன்று. அவர் போகவில்லை. என்னோடு சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் தோளைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரில்.

சொல்லிவிடலாம். இப்போதே, இவரிடமே. மிஸ்டர் அப்டன், நான் தட்டினேன். இரண்டே சொல். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் கட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு ‘மன்னிக்கவும்’ வந்து ஒட்டிக்கொண்டது. அதை எடுத்தால் திமிர், வைத்தால் கெஞ்சல். இவரிடமா கெஞ்சுவது. நைஜலிடம் சொல்லலாம், காரில், தனியாக, அவர் படித்தவர், புரிந்துகொள்வார். புரிந்துகொண்டு, நன்றி மேடி, சொன்னது நல்லது என்பார், மாதக் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வரும், வேலை குறைவு, உனக்கு நல்வாழ்த்துகள். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்பாகப் போட்டபோது எழுந்து சொன்னேன், ஏழாவதில், எல்லாரும் என்னை நேர்மையானவள் என்றார்கள். தப்பு அவருடையது. அடுத்தவர் தப்பைச் சொல்வதை நேர்மை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கோபுரத்துக்குள் படியில் பூட்ஸ் சத்தம். ஒன்று, இரண்டு, நின்றது. நைஜல் சுற்றுப்படியில் தலையை இடித்துக்கொண்டு முனகுகிறார். திரும்பவும் சத்தம். கை தானாகப் பைக்குள் போய்க் கூட்டைத் தொட்டது. மூடி சரியாக மூடியிருக்கிறது. ஆறு பெரிய படி மீதி.

கதவு திறந்தது. நைஜல் முழங்காலில் புறா எச்சத்தோடு வந்தார். “மணிச்சட்டம் பரவாயில்லை. வடக்குக் கால்வாய் மண்ணும் இலையும் கட்டிக் கிடக்கிறது, ரொட்டி மாதிரி,” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நான் ஓட்டைக்கு முன்னாலிருந்து நகர்ந்திருந்தேன். ஏன் நகர்ந்தேன் என்று தெரியவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நகர்ந்திருப்பேன்.

“இது போன தடவைப் படத்தில் இல்லையே,” என்றார் நைஜல்.

“ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்தது,” என்றார் அப்டன். தண்டைப் பெஞ்சின் மேல் வைத்தார். “ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன்.”

நைஜல் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரின் மேலே, கீழே, திரும்ப மேலே. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, கிடைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம், நான் அதை முன்பும் பார்த்திருக்கிறேன். “ஈரம். கால்வாய் நிரம்பிச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. பூச்சு விட்டுவிட்டது. இன்னும் போகும்.” என்னிடம் திரும்பினார். “நீ வரும்போதே இப்படித்தான் இருந்ததா, மேடி?”

அப்டன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இடுப்பு சரியில்லை,” என்றார் யாரிடமோ. “ஆனால் ஏறியிருக்கலாம். பிடிக்க ஒரு ஆள் இருந்திருந்தால் ஏறியிருப்பேன். நான்தான் ஏறவில்லை.” தரையில் குனிந்து, கஷ்டப்பட்டு, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தூள் இருந்த இடத்தில் விரலால் தடவிப் பார்த்தார். துண்டைத் தேடுகிறார். “உடைந்தாலும் துண்டு இங்கேதானே இருக்க வேண்டும்,” என்றார்.

“ஆமாம்,” என்றேன் நைஜலிடம். “வரும்போதே இப்படித்தான்.”

அதை எழுதிக்கொள், என்றார் நைஜல். எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது. காருக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன், கிழவர் இன்னும் முட்டிபோட்டபடி பெஞ்சுகளுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், என்று நிறுத்தினாள் மாதம்மாள். வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள். மாதக் கடைசியில் அலுவலகத்தில் நீட்டிக்கவில்லை, வேலை குறைவு என்றார்கள், பிப்ரவரி மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று மட்டும் பிறகு சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தது, நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்பதால் வந்த கோபம்.

அவள் ஊருக்குப் போன பிறகு அந்த அறிக்கையைத் தேடினேன். சபையின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் பக்கத்தில், வடக்குச் சுவர் என்ற தலைப்பின் கீழ் இப்படி இருக்கிறது: ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்ட இழப்புக்கு ஈரமோ பராமரிப்புக் குறைவோ காரணம் அல்ல, ஆய்வின்போது எங்கள் உதவியாளர் விரலால் தட்டியதில் அது பெயர்ந்தது, பெயர்ந்த துண்டை உதவியாளர் நேரில் கொண்டுவந்து வார்டனிடம் ஒப்படைத்தார். கீழே, துண்டைப் பெற்றுக்கொண்டதற்கு அப்டனின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. நவம்பர் பதினாறு. ஆய்வு நடந்தது பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நாள்காட்டியைப் பார்த்தேன், பதினாறு சனிக்கிழமை. அந்த ஊர் பஸ் நேரத்தையும் பார்த்தேன். திங்களும் வியாழனும் மட்டும்தான் பஸ். பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஏழு மைல்.